நேர்கோட்டின் விலை

புக்கிட் பாஞ்சாங்கில் 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. தூண்களின் மேல் பாதை அமைத்து, அடுக்குமாடி வீடுகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் வண்டி அது. சில இடங்களில் வண்டியின் சன்னலுக்கும் வீட்டின் சன்னலுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உணவருந்தும் குடும்பத்தையும் விளக்கடியில் படிக்கும் பிள்ளையையும் பயணி நேரே கண்டுவிடக் கூடிய அண்மை. ஆதலின் அவ்வண்டிகளில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. வீடுகளை நெருங்கும்போது வண்டியின் கண்ணாடி பனி படர்ந்தாற்போலத் தானே மங்கும். வீடுகளைக் கடந்ததும் மீண்டும் தெளியும்.

முதன்முறை ஏறும் சிறுவர்க்கு இது வேடிக்கை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்போரும் உண்டு. அறத்தைப் பற்றி எண்ணுவோர்க்கு அது வேடிக்கையன்று. வண்டிக்குள் இருப்போர் பலர். பாதையோரம் வாழ்வோர் சிலர். பலருடைய பயணத்தின் பொருட்டுச் சிலருடைய சன்னலோரம் பாதை போடப்பட்டது. அதற்கு ஈடாக, அப்பலருடைய பார்வை சில நொடிகள் மறைக்கப்படுகிறது. பயன் பெறுவோர் தாம் பெறும் பயனிலிருந்தே ஒரு சிறு பகுதியை, ஓரத்தில் இருப்போர்க்காக விட்டுக்கொடுக்கின்றனர். ஒருவரும் முணுமுணுப்பதில்லை, விட்டுக்கொடுப்பது சிறிதாக இருத்தலே அதற்குக் காரணம்.

விட்டுக்கொடுக்க வேண்டுவது சிறிதாக இல்லாதபோது என் செய்வது? பாதையோரம் இருப்பது சன்னல் அன்று, ஒரு காடு என்றால்? ஓர் உழவன் முப்பது ஆண்டு நீர் ஊற்றி வளர்த்த தென்னந்தோப்பு என்றால்? பொதுநன்மைக்கென இழுக்கப்படும் கோடுகள் பல. சாலை ஒரு கோடு. இருப்புப்பாதை ஒரு கோடு. உயர் அழுத்த மின்கம்பி ஒரு கோடு. இவையெல்லாம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் நன்மை பயப்பன. இடையில் உள்ள நிலத்திற்கு அவை பெரும்பாலும் கடந்து போவன மட்டுமே. கடந்து போகும் கோட்டிற்கு இடைநிலம் எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டது என்னும் வினா நம் காலத்து அறவினாக்களுள் ஒன்று. மாணவர் பட்டிமன்றங்களில் அது 'வளர்ச்சியா, இயற்கையா' என்று சுருங்கிவிடுகிறது. அவ்வாறு சுருக்கிய பின் விடை காண்பது எளிது. விடையால் பயன் இராது.

'பலருக்கு நன்மை என்றால் சிலர் பொறுக்கத்தான் வேண்டும்' என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. ஆங்கில நாட்டுப் பெந்தம் என்பாரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கொள்கையும் இதுவே: மிகப் பெரும்பாலோர்க்கு மிகுந்த இன்பம் தருவது எதுவோ அதுவே நன்று. காந்தியடிகள் இதனை ஏற்கவில்லை. இரஸ்கினுடைய நூலொன்றைத் தம் மொழியில் 1908இல் சுருக்கி எழுதியபோது அவர் அதற்கு இட்ட பெயர் 'சர்வோதயம்'. பெரும்பாலோர் உயர்வு அவருக்குப் போதவில்லை. எல்லோரும் உயர வேண்டும் என்றார். நூற்றுக்கு ஐம்பத்தொருவரின் நலத்துக்காக நாற்பத்தொன்பதின்மரின் நலம் பலியிடப்படுவதை அவரது உள்ளம் ஒப்பவில்லை. கேட்பதற்கு அது உயர்ந்த நெறி. எனினும் சாலை போடுபவன் அந்நெறியைக் கையில் வைத்துக்கொண்டு எப்பக்கம் மண்வெட்டியைப் பாய்ச்சுவது? எல்லோர்க்கும் நன்மை பயக்கும் சாலை எங்கேனும் ஒருவருடைய வேலியைத் தொடத்தான் செய்யும். ஆதலின் இவ்விரு கொள்கைகளையும் வைத்துக்கொண்டு வழக்காடுவதை விட, நடந்தவற்றை எடுத்து ஆராய்தல் பயன் தரும்.

அதற்குமுன் பாரியை ஒருமுறை நினைத்தல் வேண்டும். முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலை அறியாத தமிழ் மாணவர் இலர். வகுப்பறைகளில் அக்கதை கொடைமடத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்படுகிறது. அதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. தேர் சென்ற வழியில் கொடி கிடந்தது. கொடி கேட்கவில்லை, கேட்க அதற்கு நாவில்லை. கேளாததன் தேவையைக் கண்டவன் பாரி. அதனினும் முதன்மையானது, அவன் கொடுத்தது தன் தேரை. நடந்து ஊர் திரும்பியவனும் அவனே. வளைந்து போவதால் வரும் துன்பத்தையும் நின்று போவதால் வரும் இழப்பையும் அவன் வேறு யார் தலையிலும் சுமத்தவில்லை. இன்றைய தேர் அரசனுடையதன்று, ஊராருடையது. ஊரார் தேரை நிறுத்திக் கொடிக்குக் கொடுத்துவிட ஓர் அமைச்சருக்கோ பொறியாளருக்கோ உரிமை உண்டா என்ற வினா எழுகிறது. அவ்வினா நேர்மையானதே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். ஊராரின் விரைவுக்காகக் கொடியை மிதித்துச் செல்லும் உரிமை அவர்க்கு எங்கிருந்து வந்தது?

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு 'நீண்ட குன்று' என்பது பொருள். அக்குன்றுத் தொடரின் தெற்கே புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி இருக்கிறது. அதன் பரப்பு 163 எக்டர் மட்டுமே. ஒரு பெரிய பண்ணை அளவுதான். ஆயினும் இந்நாட்டுக்கே உரிய தாவர, விலங்கு வகைகளுள் ஏறத்தாழ 40 விழுக்காடு அங்கு உள்ளதாகத் தேசியப் பூங்காக் கழகம் கூறுகிறது. அதற்குக் கிழக்கே, நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்து மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி விரிந்திருக்கிறது. முன்பு இவ்விரண்டும் ஒன்றே. 1983இல் பணி தொடங்கி 1986இல் நிறைவுற்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை அவற்றை இரண்டாக்கியது. உட்லண்ட்சுக்கும் நகருக்கும் இடையே நேரான வழி வேண்டும் என்பது அன்றைய தேவை. அத்தேவை பொய்யன்று. இன்று புக்கிட் பாஞ்சாங்கின் கிழக்கு ஓரமாக அச்சாலையில் விரையும் வண்டிகளுள் பலவற்றில் அவ்வட்டாரத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் இருக்கின்றனர்.

சாலையின் இருபுறமும் வாழ்ந்த உயிர்களுள் அழுங்கு ஒன்று. எறும்புத்தின்னி என்றும் அதனைச் சொல்வர். உடல் முழுதும் செதில், பல் இல்லை, இரவில் உலவுவது, ஈனும்போது பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். பகை நெருங்கினால் அது ஓடுவதில்லை, உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். புலியின் பல்லும் அச்செதிலில் வழுக்கும் என்பர். இத்தற்காப்பு எண்ணற்ற தலைமுறைகளாக அவ்வினத்தைக் காத்து வந்தது. விரைவுச்சாலையில் சுருண்டுகொள்ளும் அழுங்கின் கதி என்ன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1994 முதல் 2014 வரை அச்சாலைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரி 2 அழுங்குகள் வண்டிகளில் அடிபட்டு இறந்தன. இரண்டுதானே என்று எண்ணத் தோன்றும். ஒன்று ஒன்றாக ஈனும் இனத்துக்கு, அதுவும் இச்சிறு தீவில், இரண்டு என்பது சிறிய எண் அன்று.

2013இல் அச்சாலையின் குறுக்கே, வண்டிகளுக்கு மேலாக, ஒரு பாலம் கட்டி முடிக்கப்பட்டது. மக்கள் நடப்பதற்கன்று; விலங்குகள் கடப்பதற்கு. நீளம் 62 மீட்டர். அகலம் 50 மீட்டர். மண் நிரப்பி மரம் நட்டு, காட்டின் துண்டு ஒன்றைத் தூக்கி வைத்தாற்போல அமைத்தனர். 1.5 கோடி வெள்ளிக்கு மேல் செலவாயிற்று. அதன் பின்னர் அழுங்கு உட்படப் பல உயிர்கள் அதன்மேல் கடப்பதைக் கருவிகள் படம் பிடித்தன. பாராட்டத் தக்க பணி. ஆயினும் சாலை முடிந்த ஆண்டுக்கும் பாலம் முடிந்த ஆண்டுக்கும் இடையே 27 ஆண்டுகள் உள்ளன. 1986இல் அச்சாலையின் செலவைக் கணக்கிட்டோர் சிமென்டையும் கல்லையும் கூலியையும் எழுதினர், பாலத்தை எழுதவில்லை. அன்று சாலை மலிவாகத் தோன்றியது. உண்மையில் அது மலிவன்று. விலையில் ஒரு பகுதி பின்னாளைக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. வட்டியை அழுங்குகள் கட்டின.

நேர்கோட்டைப் பற்றிய உண்மை இங்கே வெளிப்படுகிறது. இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய தொலைவு நேர்கோடு என்று வடிவ கணிதம் கற்பிக்கிறது. மிகக் குறைந்த விலையும் நேர்கோடுதான் என்று அதனோடு சேர்த்து எண்ணிவிடுவது பழக்கம். தாளின்மேல் இடையில் ஒன்றும் இல்லை, நிலத்தின்மேல் இருக்கிறது. இடையில் இருப்பதன் இழப்பைக் கணக்கில் எழுதாத வரையில்தான் நேர்கோடு மலிவு. எழுதினால் சில நேரம் வளைவு மலிவாகும். சில நேரம் நேர்கோடே மலிவாக நிற்கவும் கூடும். எழுதிப் பார்க்குமுன் எதனையும் சொல்வதற்கில்லை.

எழுதிப் பார்த்த வழக்கு ஒன்றும் அதே காட்டின் மறுபக்கத்தில் நடந்தது. 2013 சனவரியில் குறுக்குத் தீவு ரயில் பாதை அறிவிக்கப்பட்டது. அதன் நேர்வழி, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்திற்கு அருகே நீர்ப்பிடிப்பு வனத்தின் அடியாகச் சென்றது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் அதே ஆண்டில் தம் மறுப்பை எழுத்தில் வைத்தனர். காட்டைச் சுற்றிச் செல்லும் வேறு வழியையும் காட்டினர். சுற்றுவழியில் தொலைவு கூடும். ஒவ்வொரு பயணத்திலும் சில நிமிடம் கூடும். செலவு ஏறத்தாழ 200 கோடி வெள்ளி கூடும். வழியில் உள்ள சில நிலங்களும் வீடுகளும் எடுக்கப்படவும் நேரலாம் என்று கூறப்பட்டது. ஆகவே சுற்றுவழியும் எவரையும் தொடாத வழி அன்று. காட்டிலிருந்து விலகும் கோடு குடியிருப்பின் பக்கம் சாய்கிறது. இயற்கையை நேசிப்போர் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்கும்போது அவர்கள் வாதம் வலுவிழக்கிறது.

இவ்வழக்கில் குறிக்கத் தக்கது ஒரு சிறு செய்தி. பாதை போடுமுன் மண்ணை ஆராய வேண்டும். அதற்குக் காட்டுக்குள் துளையிட வேண்டும். முதலில் எண்ணியிருந்த துளைகள் 72. சூழல் ஆய்வுக்குப் பின் அவை 16 ஆகக் குறைக்கப்பட்டன. ஆய்வறிக்கை 2016 பிப்ரவரியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 72 துளையின்றி முடியாது என்று எண்ணப்பட்ட வேலை 16 துளையில் முடியும் என்றால், எஞ்சிய 56 துளைகள் எதற்காக இருந்தன? எவரும் கேளாததால் இருந்தன. தீய எண்ணம் எவர்க்கும் இல்லை. பொறியாளர் தம் வேலையைச் செய்தனர். கேட்போர் தம் வேலையைச் செய்த பின்னர் அவ்வேலை மேலும் நன்றாக நடந்தது. இறுதியாக 2019 டிசம்பர் 4ஆம் நாள் நிலப் போக்குவரத்து ஆணையம் முடிவை அறிவித்தது. பாதை நேர்வழியிலேயே செல்லும். ஆனால் 70 மீட்டர் ஆழத்தில் செல்லும். வனப்பகுதியின் மேற்பரப்பில் கட்டுமானத் தளம் எதுவும் இராது. சுற்றுவழி கேட்டோர் அனைவரும் மனநிறைவு கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. காட்டின் அடியில் எதுவும் செல்லாதிருப்பதே நன்று என்போர் இன்றும் உளர். எனினும் 2013இல் வரையப்பட்ட கோடும் 2019இல் முடிவான கோடும் ஒன்றல்ல. இடையில் ஒரு மணி அடிக்கப்பட்டது.

மணி என்றதும் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வருதல் இயல்பு. அதுவும் ஒரு தேரின் கதை. பாரியின் தேர் கொடியின் முன் நின்றது. சோழ இளவரசனின் தேர் கன்றின் மேல் ஏறியது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் அளித்த தீர்ப்பின் கடுமையைப் பற்றியே பெரும்பாலும் பேசுகின்றனர். அம்மணியைப் பற்றியும் எண்ண வேண்டும். பசுவுக்கும் எட்டும் உயரத்தில் அது கட்டப்பட்டிருந்தது. நாவில்லாத உயிர் வழக்குரைக்க ஓர் ஏற்பாடு அவ்வரண்மனையில் இருந்தது என்பதே கதையின் சிறப்பு. அழுங்குக்கு அவ்வளவு உயரத்திலும் எட்டாது. அதன் சார்பில் அடிப்பதற்கு மனிதர் வேண்டும். அம்மனிதரைத் தடைக்கற்கள் என்று ஏசுவது எளிது. அவர்கள் இல்லாத நாட்டில் 56 துளைகள் வீணே தோண்டப்படும். தேர் ஏறிய பின் அடிக்கும் மணியால் நீதி கிடைக்கலாம், கன்று கிடைக்காது. புறப்படுமுன் அடிக்க இடம் தரும் மணியே மேலானது. சூழல் ஆய்வு என்று இன்று சொல்லப்படுவதன் பொருள் அதுதான்.

இனி மின்கம்பிக்கு வருவோம். சிங்கப்பூரில் பிறந்து வளரும் மாணவர் வயல்மேல் நிற்கும் பெரிய மின்கோபுரத்தை உள்ளூரில் காண்பது அரிது. இந்நாட்டின் மின்வடங்கள் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் உள்ளன. 2010ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய திட்டமொன்றில், தீவின் குறுக்கும் நெடுக்குமாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், சுமார் 60 மீட்டர் ஆழத்தில், மின்வடங்களுக்கென்றே வெட்டப்பட்டது. 200 கோடி வெள்ளிக்கு மேல் செலவாயிற்று. இஃது அறவுணர்வால் மட்டும் விளைந்ததன்று. இடம் இல்லாமை ஒரு காரணம். பணம் இருந்தமை மற்றொன்று. எவ்வாறாயினும் இங்கு மின்கோட்டின் விலையை மின்சாரம் நுகர்வோர் அனைவரும் தம் கட்டணத்தில் சிறிது சிறிதாகத் தருகின்றனர். தனியொருவனின் நிலம் அதனைச் சுமக்கவில்லை.

தமிழகத்தின் கொங்குநாட்டில் கதை வேறு. சத்தீசுகட் மாநிலத்து ராய்கட்டிலிருந்து கரூர்ப் பக்கத்துப் புகளூரின் பெயரால் அமைந்த நிலையம் வரை, 1,700 கிலோமீட்டருக்கு மேல், 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டக் கோடு ஒன்று இழுக்கப்பட்டது. அது கொண்டு வரும் ஆற்றல் 6,000 மெகாவாட். தென்னாட்டின் ஆலைகளும் வீடுகளும் அதனால் பயன் பெறுகின்றன. அக்கோடும் அதனோடு சேர்ந்த பிற கோடுகளும் ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் முதலிய மாவட்டங்களின் வயல்கள் வழியே வந்தன. 2018 டிசம்பரில் அம்மாவட்டங்களின் உழவர்கள் பல இடங்களில் அமர்ந்து அறப்போர் நடத்தினர், உண்ணாநோன்பும் இருந்தனர். மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சாலையோரமாக மண்ணுக்கடியில் கொண்டு செல்லுங்கள் என்றனர். இயலாதெனில் உரிய இழப்பீடு தாருங்கள் என்றனர்.

அவர்கள் துயரத்தின் தன்மை நகரத்தார்க்கு எளிதில் விளங்குவதில்லை. 'நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லையே, கம்பி மேலேதானே போகிறது' என்பர். அதுதான் துயரம். நிலம் எடுக்கப்பட்டால் விலை கிடைக்கும், வேறிடம் வாங்கலாம். இங்குப் பட்டா உழவன் பெயரிலேயே இருக்கும். கடனும் அவன் பெயரிலேயே இருக்கும். கோபுரத்தின் நான்கு கால்கள் நிற்கும் இடத்தில் ஏர் ஓடாது. கம்பியின் கீழே ஏறத்தாழ 70 மீட்டர் அகலப் பட்டையில் தென்னை வைக்க இயலாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியின் தூணை நிமிர்த்த இயலாது. வீடு கட்ட இயலாது. விற்கப் போனால் வாங்குவோன் மேலே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். உடைமை இருக்கும், உடைமையின் பயன் இராது. ஊர்ப் பேச்சில் இதனை 'இருந்தும் இல்லாத காடு' என்று சொன்னால் பொருந்தும். கொங்குநாட்டில் மேட்டு நிலத்தைக் காடு என்றே வழங்குவர்.

இதற்கு இடம் தந்த சட்டமோ மிகப் பழையது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்திக் கம்பம் நடுவோர்க்குத் தனியார் நிலத்தில் நுழையும் அதிகாரத்தை வழங்கியது. நிலவுரிமை மாறாது, நேர்ந்த சேதத்திற்கு மட்டும் ஈடு தந்தால் போதும் என்றது. தந்திக் கம்பம் ஒரு முழம் இடம் கொள்ளும் தூண். அதன் நிழலில் கன்றுக்குட்டியைக் கட்டலாம். அத்தூணுக்கு எழுதிய அதிகாரம், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழியாக, பனைமரங்களைக் காட்டிலும் உயர்ந்த இரும்புக் கோபுரங்களை நிறுத்துவோர்க்கும் கிடைத்தது. சொல் ஒன்றே, பொருள் நூறு மடங்கு பெருத்துவிட்டது. ஆட்சியாளர் இதனை உணரவில்லை என்று சொல்ல இயலாது. 2015 அக்டோபரில் நடுவண் அரசின் நெறிமுறை, கோபுர அடிக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பிப் பட்டைக்கு 15 விழுக்காடு வரையிலும் ஈடு தரலாம் என்றது. 2024 சூனில் அவை முறையே 200 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டன. ஒன்பது ஆண்டுகளில் நிலத்தின் துன்பம் இருமடங்கு ஆகிவிடவில்லை. அதனைக் கணக்கிடும் கண்தான் திறந்தது. போராடி அமர்ந்தோர்க்கு அக்கண் திறப்பில் பங்குண்டு.

மண்ணுக்கடியில் கொண்டு செல்வது இயலாத ஒன்றா? 800 கிலோவோல்ட் கோட்டை அத்தனை தொலைவு புதைப்பது மிகக் கடினம், செலவும் பன்மடங்கு என்று பொறியியலார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே நிலையத்திலிருந்து கேரளத்துத் திருச்சூருக்குச் செல்லும் 320 கிலோவோல்ட் கோட்டைக் காண்க. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட அக்கோடு, தமிழக வயல்களின் மேல் கோபுரங்களில் வருகிறது. பாலக்காட்டு மாவட்டத்து வடக்கஞ்சேரியை அடைந்ததும் மண்ணுக்குள் இறங்கி, 25 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடி வடமாகவே திருச்சூர் செல்கிறது. கேரளத்தில் வீடுகள் நெருக்கம், நிலம் குறைவு, கோபுரத்திற்கு இடம் கிடைப்பது அரிது. காரணம் நியாயமானதே. அண்டை மாநிலத்தார்மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. மறுப்பு வலுவாக இருக்குமிடத்தில் புதைய வழி கண்ட கோடு, மறுப்பு மெலிந்த இடத்தில் வழி இல்லை என்றது. எது இயலும் எது இயலாது என்பதை அறிவியல் மட்டும் முடிவு செய்யவில்லை. எதிரே நிற்பவன் யார் என்பதும் சேர்ந்து முடிவு செய்தது.

இவ்வாறு சொல்லிவிட்டு அமைதி அடைந்துவிட முடியாதபடி இராசத்தானத்தில் ஒரு வழக்கு எழுந்தது. அங்குள்ள வறண்ட புல்வெளிகளில் கானமயில் என்னும் பறவை வாழ்கிறது. ஔவையாரின் மூதுரையில் வரும் கானமயில் காட்டு மயில், இது வேறு. ஆண் பறவை பத்துக் கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். பறக்கும் பறவைகளுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேரெதிரே உள்ள கம்பி அதற்குப் புலப்படுவதில்லை. புலப்பட்டாலும் அவ்வளவு எடையோடு சட்டென விலக இயலாது. எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. 2021 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், அப்பறவையின் வாழிடங்களில் மின்கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் கொண்டு செல்ல ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. காரணம் எண்ணத் தக்கது. அக்கம்பிகள் கொண்டு செல்வது பாலைவனத்துச் சூரிய ஒளியிலிருந்து எடுத்த மின்சாரம். நிலக்கரிப் புகையைக் குறைக்கும் மின்சாரம். தட்பவெப்ப மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவதும் மக்களின் உரிமை என்று அத்தீர்ப்பு கூறியது.

இங்கே ஒருபக்கம் பேராசை, மறுபக்கம் இயற்கை என்று பிரிக்க இயலாது. இருபக்கமும் இயற்கைதான். உலகெங்கும் உள்ள உயிர்களைக் காக்கும் கோடு, இவ்வொரு பறவையைக் கொல்கிறது. நல்லதும் தீயதும் மோதும்போது அறம் எளிது. நல்லதும் நல்லதும் மோதும்போதுதான் அது அரிதாகிறது. இத்தகைய வழக்கில் எந்தக் கொள்கையும் தானாகத் தீர்ப்பளிக்காது. எவ்விடத்தில் கம்பி, எவ்விடத்தில் வடம், எவ்விடத்தில் விலகுதல் என்று நிலத்தை மைல் மைலாக நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். செலவை மட்டும் யார் தருவது என்பதில் ஐயம் இல்லை. சூரிய மின்சாரத்தை நுகர்வோர் தருதல் வேண்டும். அதனைப் பறவையிடம் வாங்குதல் மலிவானது, முறையானதன்று. கொங்கு உழவனிடம் வாங்குவதும் அத்தகையதே.

ஒரு தடை எழுப்பப்படலாம். செல்வ நாடு 70 மீட்டர் ஆழம் தோண்டும். ஏழை நாடு எங்கே போகும்? வளைந்து செல்லும் அறம் வசதி உள்ளவர்க்கு மட்டும் உரியதா? தடை வலியது. எனினும் பாரியின் குன்று ஒன்றும் உலகின் செல்வ நாடு அன்று. வசதி என்பது மொத்தத் தொகை மட்டுமன்று. அத்தொகை எத்தனை தோள்களில் ஏற்றப்படுகிறது என்பதும் ஆகும். கோடிக்கணக்கான இல்லங்களின் மின்கட்டணத்தில் தலைக்குச் சில காசுகள் ஏறினால் எவரும் அறியார். அதே தொகை சில ஆயிரம் உழவர் மேல் இறங்கினால் அவர்கள் வாழ்வு சாயும். ஏழை நாட்டிலும் சுமையைப் பரப்ப இயலும். பரப்பாமல் குவிப்பது வழக்கமாகிவிட்டது, அவ்வளவே.

சிங்கப்பூர் தன் கோடுகளைப் புதைத்துவிட்டதால் இவ்வினாவிலிருந்து விடுபட்டுவிடவில்லை. இந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைப்பது. அவ்வாயுவில் ஒரு பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய்வழி வருகிறது. 2022 சூனில், லாவோசு நாட்டின் நீர்மின்சாரம் 100 மெகாவாட் அளவு வரை தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கு வரத் தொடங்கியது. 2035ஆம் ஆண்டுக்குள் 6,000 மெகாவாட் அளவுக்குக் கரிப்புகை குறைந்த மின்சாரத்தை வெளிநாடுகளிலிருந்து பெறுவது 2024இல் அறிவிக்கப்பட்ட இலக்கு. கம்போடியா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து கொண்டுவரும் திட்டங்களுக்கு முன்னிசைவு வழங்கப்பட்டுள்ளது. கடலுக்கடியில் வரும் பகுதி சிங்கப்பூரார் கண்ணில் படாது. கடலை அடையுமுன் அது கடக்கும் நிலமும் படாது. அந்நிலத்தில் ஆறு இருக்கும். அணை நீரில் முழுகிய ஊர் இருக்கும். இரப்பர்த் தோட்டமும் காடும் இருக்கும். கோபுரத்தின் கீழே நின்று மேலே பார்க்கும் உழவர் இருப்பர். அவர்கள் அடிக்கும் மணி, அந்தந்த நாட்டு அரண்மனை வாயிலில் கட்டப்பட்டிருந்தாலும், புக்கிட் பாஞ்சாங்கின் விளக்கடியில் படிக்கும் பிள்ளைக்கும் கேட்க வேண்டிய மணியே. மின்சாரம் வாங்கும் ஒப்பந்தங்கள் எழுதப்படும் காலம் இது. விலையும் அளவும் அவற்றில் எழுதப்படும். கம்பி எவ்வழியே வரும், வழியில் இருப்போரிடம் யார் கேட்டனர் என்பவையும் அவற்றில் எழுதப்படுமா என்று கேட்கும் உரிமை, கட்டணம் செலுத்தும் ஒவ்வோர் இல்லத்துக்கும் உண்டு.